டிபாஸிட் இழந்தவர்கள்

எங்கள் தெருக்கோடியில் ஒரு தையற்கடை இருக்கிறது. கடைக்காரரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் இந்தக் கட்டுரையில் தலைகுனிய வேண்டியவன் நான். அதற்காக அவரைச் சந்திக்கு இழுப்பது நியாயமில்லை.

மணவாள நகரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் திருவள்ளூர் வரும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையைப் போட்டார்களே, அதே பாதைதான். வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள் ஊர்ப் பக்கம் திரும்புவார்கள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைப் பிடித்து நடந்தால் எங்கள் மணவாள நகர். தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், சென்னைக்கு ஆபீஸ் போகிறவர்கள், போய்ப் போய் ரிடையரானவர்கள், இவர்கள்தான் இங்கே ஜனத்தொகை. என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கும் இங்கே வாடகைக்கு வீடு கிடைத்தது. சட்டையில் பொத்தான் போனால் தெருக்கோடிக்குப் போவேன். அந்த அளவில்தான் எங்கள் பழக்கம்.

சில தேர்தல்களுக்கு முன் ஒரு மாலை அவர் கையில் சில காகிதங்களுடன் வந்தார்.

“ஸார், ஒரு கையெழுத்து வேணும்.”

“எதற்கு?”

“சட்டசபைக்கு நிக்கிறேன் ஸார். சுயேச்சையா. பெரிய கட்சிக்காரங்களுக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சாப் போதுமாம். எங்களை மாதிரி ஆளுக்குப் பத்துப் பேர் வேணுமாம். ஒன்பது ஆயிடுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, எழுத்தாளனுக்கு உரிய கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு, “நான் எந்தக் கட்சிக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு விரதம் வைத்திருக்கிறேன்” என்றேன்.

“நான்தான் எந்தக் கட்சியும் இல்லியே ஸார்?” என்றார் அவர்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்து காப்பி வந்தது. குடித்தார். “பரவாயில்லை ஸார்” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாவது கையெழுத்து எங்கேயோ கிடைத்திருக்க வேண்டும். வாக்கு இயந்திரத்தில் கீழ் வரிசையில் அவர் பெயர் இருந்தது. முடிவு வந்தது. பத்திரிகையில் ஜெயித்தவருக்கு நான்கு பத்தி. இரண்டாவது வந்தவருக்கு ஒரு பத்தி. மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வரி: டிபாஸிட் இழந்தனர். அதற்கு மறுவாரம் நான் அவரிடம் ஒரு வேட்டிக்குக் கரை மடித்துத் தைத்து வாங்கிக்கொண்டேன். இருவரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை.

இந்தச் சங்கதி என் மனசிலிருந்து அநேகமாக மறைந்தே போயிருந்தது. பிற்பாடு ஒரு நாவலுக்கு, தேர்தலில் நின்று தோற்ற ஒரு சாதாரண மனிதர் தேவைப்பட்டார். நாவலாசிரியனுக்குத் தோற்றவர்கள் மேல் எப்போதும் ஒரு பட்சம் உண்டு. ஜெயித்தவனுக்கு மாலை இருக்கிறது, கார் இருக்கிறது. அவனைச் சுற்றி நூறு பேர் இருக்கிறார்கள். தோற்றவன்தான் தனியாக வீட்டுக்கு நடந்து போகிறான். கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. ஆகவே தோற்றவர்களைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் ஒரு சொல். நம் அப்பா காலத்துப் பத்திரிகைகளில் ‘அபேட்சகர்’ என்று எழுதுவார்கள். இப்போது ‘வேட்பாளர்’ என்கிறோம். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: ஆசைப்படுகிறவர். ஆசைப்பட்டவர் யார், என்ன தொழில், எதற்காக ஆசைப்பட்டார் என்று அறிய இந்த நாட்டில் என்ன தஸ்தாவேஜு இருக்கிறது? எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது; அதே எழும்பூரில் சர்க்கார் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டுகள் இருக்கின்றன. தேர்தல் கமிஷன் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் வெளியிட்ட புள்ளிவிவர அறிக்கைகள் இருக்கின்றன. அவை இப்போது கமிஷனின் இணையத்தளத்திலேயே கிடைக்கின்றன. இவற்றைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சென்னை மாகாணச் சட்டசபைக்கு மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி முதல் தேர்தல் 1920-ல் நடந்தது. மாகாணத்தின் ஜனத்தொகை சுமார் 4 கோடி. வோட்டு இருந்ததோ சுமார் 12½ லட்சம் பேருக்கு. நிலவரி கட்டுகிறவர், முனிசிபல் வரி கட்டுகிறவர், வருமான வரி கட்டுகிறவர், இப்படிப் பட்டவர்களுக்குத்தான் வோட்டு. ஆக, வோட்டுப் போட வருகிறவனிடம் சர்க்கார் கேட்ட முதல் கேள்வி: “உனக்குச் சொத்து என்ன இருக்கிறது?” என்பது. அபேட்சகரை அப்படி யாரும் வோட்டர் முன்னால் நிறுத்திக் கேட்கவில்லை.

பெண்கள் சட்டசபைக்கு நிற்கலாம் என்று கதவு திறந்தது 1926-ல். அந்த வருஷமே மங்களூர்த் தொகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயா என்ற இளம் பெண் நின்றார். மார்கரெட் கஸின்ஸ் அம்மாள் அவரை உற்சாகப்படுத்தி நிறுத்தினார். கடைசி நேரத்தில் இறங்கியும், கமலாதேவி மிகக் கொஞ்சம் வோட்டில்தான் தோற்றார். பிற்காலத்தில் கைத்தறிக்கும் கைவினைக்கும் நாடகத்துக்கும் அவர் செய்த சேவையை நாடு அறியும். அன்று அவரைத் தோற்கடித்தவர் யார்? அதற்குத்தான் பழைய ஏட்டைப் புரட்ட வேண்டும். தோற்றவர் என்றால் மறக்கப்பட வேண்டியவர் என்று விதி ஒன்றும் இல்லை.

அப்புறம் 1952. இருபத்தொரு வயது ஆன எல்லாருக்கும் வோட்டு. அன்றைய சென்னை ராஜ்யத்தில் 309 தொகுதிகள்; அவற்றில் 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகள்; ஆக 375 ஸ்தானங்கள். இப்போது போல் பெயருக்கு எதிரே பொத்தானை அழுத்துகிற வேலை இல்லை. முத்திரை குத்துகிற வேலையும் இல்லை. ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். திரைக்குப் பின்னால் போய், பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். 1957-லும் இதே ஏற்பாடுதான். ஒரே சீட்டில் எல்லாருடைய பெயரையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை 1962 பொதுத் தேர்தலில்தான் பரவலாக வந்தது.

அந்தப் பெட்டிகளை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். பெரிய கட்சிகளின் பெட்டிகளைத் தூக்கும்போது கனத்திருக்கும். சுயேச்சையின் பெட்டியை ஒரு கையால் தூக்கியிருப்பார்கள். அவரும் எண்ணுமிடத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்திருப்பார். 250 ரூபாய் டிபாஸிட் கட்டியவர். செல்லுபடியான வோட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது சர்க்காருக்கு. அந்தக் காலத்தில் 250 ரூபாய் என்பது பல குடும்பங்களுக்குப் பல மாதச் சம்பளம்.

அறிக்கையில் அவரைப் பற்றி என்ன இருக்கிறது? ஒரு பெயர். அதன் முன்னால் ஓர் இனிஷியல். ‘சுயேச்சை’ என்று ஒரு குறிப்பு. ஓர் எண். முடிந்தது. என்ன வயது, என்ன தொழில், எந்தத் தெரு, எதற்காக நின்றார் என்பது ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாக இப்படிப் பெயர்கள். கோவில் சுவரில் உபயதாரர்களின் பெயர் தேய்ந்து கிடப்பது போல் இருக்கிறது.

இந்தப் பட்டியலில்கூட இடம் கிடைக்காத ஒரு மனிதரை அப்புறம் சந்தித்தேன். என்னைப் பொறுத்தவரையில், தமிழ்நாட்டுத் தேர்தல் சரித்திரத்திலேயே விசித்திரமான அபேட்சகர் இவர்தான். பெயர் என்.பி. பொன்னுசாமி. அன்று சேலம் ஜில்லாவில் இருந்த நாமக்கல் தொகுதியில் சட்டசபைக்கு நியமனப் பத்திரம் தாக்கல் செய்தார். 1951 நவம்பர் 28-ந் தேதி பரிசீலனை. தேர்தல் அதிகாரி அவருடைய பத்திரத்தைத் தள்ளிவிட்டார்.

மற்றவராக இருந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். பொன்னுசாமி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். தேர்தல் விஷயத்தில் இப்போது தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஹைகோர்ட் சொல்லிவிட்டது. அவர் விடவில்லை. டில்லிக்குப் போனார். குடியரசுக்கு அப்போது இரண்டு வயசு. சுப்ரீம் கோர்ட்டுக்கும் அதே வயசுதான். பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியும் மற்ற நீதிபதிகளும் உட்கார்ந்து கேட்டார்கள். 1952 ஜனவரி 21-ந் தேதி தீர்ப்பு. நீதிபதி பஸல் அலி எழுதினார். அரசியல் சட்டத்தின் 329-ஆவது ஷரத்துப்படி, தேர்தல் என்பது ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே காரியம். நடுவில் எந்த இடத்திலும் கோர்ட் குறுக்கே வரக்கூடாது. குறை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் மனுப் போடலாம். பொன்னுசாமி தோற்றார். வோட்டுப் பெட்டி திறக்கும் முன்பே தோற்ற அபேட்சகர் அவர்.

ஆனால் அந்தத் தீர்ப்பு தோற்கவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், இந்தியாவில் தேர்தல் வழக்கு எங்கே நடந்தாலும், “பொன்னுசாமி வழக்கில்...” என்று ஆரம்பிக்காத வக்கீல் அபூர்வம். சட்டக் கல்லூரி மாணவர்கள் அந்தப் பெயரை உருப்போடுகிறார்கள். அவ்வளவு பிரபலமான பெயர்! சரி, அவருடைய பத்திரத்தை எதற்காகத் தள்ளினார்கள்? தீர்ப்பைப் படித்தேன். சில காரணங்களுக்காகத் தள்ளினார்கள், அவை இந்த அப்பீலுக்கு முக்கியமில்லாதபடியால் இங்கே சொல்லத் தேவையில்லை என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறது.

சட்டத்துக்கு அது தேவையில்லைதான். எனக்குத் தேவைப்பட்டது. அவர் கையெழுத்துப் போட மறந்தாரா? வயசைத் தப்பாகக் குறித்தாரா? யாராவது விரோதி ஆட்சேபித்தாரா? ஒரு மனிதரை நாமக்கல்லிலிருந்து டில்லி வரைக்கும் துரத்திய அந்தக் காரணம், அவர் பெயரை அழியாமல் வைத்த அதே காகிதத்தில் இல்லை. அன்று எனக்குப் புரிந்தது: தஸ்தாவேஜு என்பது, அதை எழுதியவருக்கு எது வேண்டியிருந்ததோ அதை மட்டும்தான் வைத்திருக்கும். மற்றதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்காமல் விடுவதால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பெயர் தெரியாதவர் எப்போதும் பெயர் தெரியாதவராகவே இருந்துவிடுவதில்லை. 1967-ல் விருதுநகரில் காமராஜரை எதிர்த்து பெ. சீனிவாசன் என்ற இளைஞரை தி.மு.க. நிறுத்தியது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஊருக்கு அதிகம் தெரியாது. 1,285 வோட்டில் காமராஜர் தோற்றார். மறுநாள் இந்தியா முழுவதும் ‘யார் இந்தச் சீனிவாசன்?’ என்று விசாரித்தது. நாம் வழக்கமாக அப்படித்தான். வோட்டுப் போட்ட பிறகு விசாரிக்கிறோம்.

வேறு விதமான அபேட்சகர்களும் உண்டு. மேட்டூரில் டயர் ரிப்பேர் கடை வைத்திருந்த கே. பத்மராஜன் 1988-லிருந்து 200-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று, எல்லாவற்றிலும் தோற்றவர். 2011-ல் சொந்த ஊரில் 6,273 வோட்டு வாங்கியதுதான் அவருடைய உச்சம். சாதாரண மனிதனும் நிற்கலாம் என்று காட்டவே நிற்கிறேன் என்பது அவர் கட்சி. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

1996-ல் ஈரோடு ஜில்லா மொடக்குறிச்சியில் நடந்ததுதான் உச்சக்கட்டம். தங்கள் குறைகளைச் சர்க்கார் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லாரும் வேட்பாளராக நின்றுவிடுவது! ஒரே தொகுதிக்கு 1,033 பேர். 1951-ஆம் வருஷச் சட்டம் வைத்த அதே 250 ரூபாய் டிபாஸிட்தான் நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் இருந்தது. ஆகவே காரியம் சாத்தியமாயிற்று. வாக்குச் சீட்டுப் புஸ்தகமாகிவிட்டது. அச்சடிப்பதற்காகத் தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டிபாஸிட் இழந்தார்கள். 88 பேருக்கு ஒரு வோட்டுகூட இல்லை.

இதைப் படித்ததும் “சொந்த வோட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள்” என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவை வைத்தேன். சட்டசபைக்கு நிற்கிறவர் அதே தொகுதியில் வோட்டர் ஆக இருக்க வேண்டியதில்லை; ராஜ்யத்தில் எங்கே வோட்டு இருந்தாலும் போதும். அவர்களில் சிலருக்கு அங்கே வோட்டே இல்லாமல் இருந்திருக்கலாம். எண்ணைப் பார்த்தவுடன் கேலி செய்வது சுலபம். எண்ணுக்குப் பின்னால் விதி இருக்கிறது. விதிக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அதே வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். டிபாஸிட் 5,000 ஆயிற்று, 2010-லிருந்து 10,000. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். எங்கள் தையற்காரர் காகிதத்தோடு என் வீட்டுப் படியேறியதற்கு மூல காரணம் மொடக்குறிச்சி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நான் சொன்ன வேடிக்கைக்கு வருகிறேன். 1999-ல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பு டில்லி ஹைகோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போட்டது. ஆமதாபாத் நிர்வாகவியல் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. நிற்கிறவர் மேல் கிரிமினல் வழக்கு இருக்கிறதா, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, படிப்பு என்ன என்று தெரிந்துகொள்ள வோட்டருக்கு உரிமை இல்லையா என்பது கேள்வி. 2000-ல் ஹைகோர்ட் ‘உண்டு’ என்றது. மத்திய சர்க்கார் அப்பீல் செய்தது. 2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் ‘உண்டு’ என்றது. வோட்டுப் போடுவது ஒருவன் தன் கருத்தைச் சொல்வது; விஷயம் தெரியாமல் எப்படிக் கருத்துச் சொல்வான்? இதுதான் தீர்ப்பின் சாரம்.

கட்சிகளுக்கு இது ரசிக்கவில்லை. எல்லா விஷயத்திலும் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த வருஷமே அவசரச் சட்டம் வந்தது. பிறகு திருத்தச் சட்டம் வந்தது. கோர்ட் என்ன சொன்னாலும், சட்டம் கேட்பதற்கு மேல் எந்த வேட்பாளரும் விவரம் தரத் தேவையில்லை என்று அதில் ஒரு பிரிவு. 2003 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. அதே மாதம் தேர்தல் கமிஷன் உத்தரவு போட்டது. அன்றிலிருந்து பிரமாணப் பத்திரம் இல்லாமல் யாரும் நிற்க முடியாது.

1920-ல் வோட்டரைப் பார்த்து “உனக்கு என்ன சொத்து?” என்று கேட்டார்கள். எண்பத்து மூன்று வருஷம் கழித்து, வோட்டர் வேட்பாளரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டான். இந்தக் கேள்வி திசை மாறுவதற்குத்தான் ஒரு சுதந்திரப் போராட்டமும், ஓர் அரசியல் சட்டமும், இரண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வேண்டியிருந்தன.

இவ்வளவு பாடுபட்டு வாங்கின உரிமையை நான் எத்தனை தடவை உபயோகித்தேன்? ஒரு தடவைகூட இல்லை. மேடையில் பேசியிருக்கிறேன், “ஜனங்கள் விழிப்படைய வேண்டும்” என்று முழங்கியிருக்கிறேன். பிரமாணப் பத்திரம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி உட்கார்ந்து எங்கள் தொகுதியின் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தையற்காரருடையதும் வந்தது.

அதற்குமுன் ஒரு ஜாக்கிரதையைச் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் பார்த்து ஆளை நிச்சயம் செய்யாதீர்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது, அதே பெயரில், அதே முன்னெழுத்தோடு இன்னும் சிலர் நின்றார்கள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2015 முதல் வாக்கு இயந்திரத்தில் போட்டோ ஒட்டுகிறார்கள். ஆகவே தகப்பனார் பெயர், வயது, விலாசம், வோட்டர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், இத்தனையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: பத்திரத்தில் இருப்பது வேட்பாளர் தாமே சத்தியம் செய்து சொன்னது. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. ஆனாலும் அது அவருடைய வாக்குமூலமே தவிர யாரோ சோதித்துக் கொடுத்த நற்சாட்சி அல்ல.

தையற்காரரின் பத்திரத்தில் எல்லா விவரமும் ஒத்துப்போயிற்று. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே அவர் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். விவசாய நிலம்: இல்லை. வீடு: இல்லை. வியாபாரக் கட்டடம்: இல்லை. பங்குப் பத்திரம்: இல்லை. மோட்டார் கார்: இல்லை. இத்தனை ‘இல்லை’களுக்கு நடுவே இரண்டு தையல் மெஷின், மனைவியிடம் மூன்று சவரன், மகளிர் குழுவில் வாங்கிய ஒரு கடன். அந்தக் கடனைக்கூட மறைக்கவில்லை.

அப்புறம் வழக்குகள் என்ற பகுதி. அங்கே மட்டும் ‘இல்லை’ இல்லை. எனக்குத் திக்கென்றது. நம் தெருவில் இத்தனை நாள் ஒரு கிரிமினலிடமா சட்டைக்கு அளவு கொடுத்தோம்? இந்தியன் பீனல் கோடு 143, 341. புஸ்தகத்தைப் பார்த்தேன். ஒன்று சட்டவிரோதமாகக் கூட்டம் கூடுவது. மற்றது வழியை மறிப்பது. தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதி எனக்குத் தெரியும்!

அது ஒரு கோடை. குழாயில் பல நாளாகத் தண்ணீர் இல்லை. காலிக் குடங்களை ரோட்டில் வைத்துக்கொண்டு பெண்களும் ஆண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அன்று ஸ்டேஷனுக்குப் போகிற பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். ரயில் தவறிப் போயிற்று. “இந்த ஜனங்களுக்கு வேறு வேலை இல்லை” என்று பக்கத்து ஸீட்டுக்காரரிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாளில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் என் வீட்டிலும் காப்பி போட்டார்கள். தையற்காரருக்கு வந்த காப்பியும் அதே குழாய்த் தண்ணீர்தான்.

காகிதத்தில் இருந்தது ‘143, 341’ மட்டும். குடங்கள் என் ஞாபகத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்தால்தான் மனிதர் முழுசாகத் தெரிந்தார். வழக்கு என்றவுடன் முகத்தைச் சுளிக்கிறவர்கள், எந்தப் பிரிவு, என்ன சந்தர்ப்பம் என்று பார்க்க வேண்டும். கொலை முயற்சிக்கும் ஒரு கட்டம்தான். காலிக் குடத்துக்கும் ஒரு கட்டம்தான்.

இன்னும் இரண்டு காகிதங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, செலவுக் கணக்கு. முடிவு அறிவித்த முப்பது நாளுக்குள் ஜெயித்தவரும் தோற்றவரும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய்க் கட்டணத்துக்கு யாரும் அதைப் பார்க்கலாம். கொடுக்காதவரைக் கமிஷன் மூன்று வருஷம் தேர்தலில் நிற்கத் தகுதி இல்லாதவர் ஆக்கலாம். எத்தனையோ சுயேச்சைகள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள். பெரிய ராஜ்யங்களில் சட்டசபைக்குச் செலவு வரம்பு 2022-ல் 40 லட்சம் ஆயிற்று. தையற்காரரின் செலவு அந்த வரம்பைத் தொந்தரவு செய்யவில்லை. நோட்டீஸ் அச்சுக்கூலி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வாடகை, டீச் செலவு. தேதி தவறாமல் ஒப்படைத்திருந்தார்.

மற்றது, படிவம் 20. ஒவ்வொரு வாக்குச் சாவடியிலும் ஒவ்வொருவருக்கும் எத்தனை வோட்டு என்று அதில் இருக்கும். எங்கள் சாவடியைத் தேடினேன். அவர் பெயருக்கு நேரே 37. தொகுதி முழுவதும் வாங்கியதில் அது நல்ல பங்கு. அவரை அறிந்த இடத்தில் அவருக்கு வோட்டு இருந்தது. குடம் தூக்கிக்கொண்டு வந்தவர்களாக இருக்கலாம். இரவு பத்து மணிக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்து வாங்கிய தாய்மாராக இருக்கலாம். யார் என்று எந்தத் தஸ்தாவேஜும் சொல்லாது, சொல்லவும் கூடாது. அந்த முப்பத்தேழில் நான் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் ஒரு சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். தேவையில்லாத சட்டைதான். அளவு எடுத்துக்கொண்டிருந்தார். “டெய்லர், அன்றைக்கு நான் போடாத அந்தப் பத்தாவது கையெழுத்தை யார் போட்டார்?” என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. “எங்க பெரியப்பா ஸார். கையெழுத்தா? அவருக்கு எழுத வராது. கைநாட்டுன்னா அதிகாரி முன்னாடியே வந்து வைக்கணும்னு சொல்லிட்டாங்க. கால் வீங்கியிருந்தது பெரியவருக்கு. ஆட்டோவுல வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். மத்தியானம் வரைக்கும் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தாரு. உள்ளே போய் வச்சாரு.”

சட்டப் புஸ்தகத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எழுதத் தெரியாதவர் அடையாளம் வைப்பதானால் அதிகாரியின் முன்னிலையில் வைக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. முன்மொழிகிறவர் அந்த வேட்பாளருக்கு வோட்டுப் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் கையெழுத்துக்கு “இவர் நிற்கட்டும்” என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. எழுத்தே தெரியாத ஒருவர் அதற்காக வீங்கின காலோடு அரை நாள் காத்திருந்தார். பேனா பிடித்துப் பிழைக்கிற நான், சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டே அதை மறுத்தேன்.

“மறுபடியும் நிற்பீர்களா?” என்று கேட்டேன்.

“டிபாஸிட் பணம் சேரணுமே ஸார்” என்று சொல்லி, தோளின் மேல் டேப்பை வைத்தார். “பெரியப்பாவும் போயிட்டாரு.”

“அடுத்த தடவை ஒன்பது பேரைத் தேடினால் போதும்” என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அளவைக் குறித்துக்கொண்டார்.